பென்சில் படாத இடம்

லண்டனில் மகன் வீட்டில் தங்கியிருந்த மூன்று வாரத்தில் நான்கு முறை போய் உட்கார்ந்த கோயில் புனித ஸ்டீபன் வால்புரூக். ஸ்டீபன், நம் பக்கத்து வழக்கில் முடியப்பர். 1666 பெருந்தீயில் பழைய கோயில் எரிந்துபோக, கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் 1672இல் தொடங்கி 1679இல் கட்டி முடித்தது. இங்கிலாந்துத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையின் கோயில்தான், கத்தோலிக்கனான நான் முழந்தாளிட அது தடையாக இல்லை. வெளியே எளிமையான சுவர். படியேறி உள்ளே போய் அண்ணாந்ததும் செபம் தானாக வந்தது.

ஸ்கெட்ச் நோட்டில் முதலில் பன்னிரண்டு தூண்களைப் போட்டேன். பன்னிரண்டு என்றால் எனக்குத் திருத்தூதர்கள்தான். தூண்கள் நிற்பது சதுரமாக, அது மண்ணுலகு. மேலே குவிமாடம் வட்டம், அது விண்ணுலகு. இரண்டையும் இணைப்பவை எட்டு வளைவுகள். அங்கேதான் கை தடுமாறியது, மூன்று முறை அழித்தேன். எட்டு என்றால் எனக்கு, ஏழு நாள் கழிந்து வரும் எட்டாம் நாள், ஆண்டவர் உயிர்த்த நாள். பழைய திருமுழுக்குத் தொட்டிகள் பலவும் எண்கோணமாக இருப்பது அதனால்தான். முழந்தாளில் இருந்த எனக்கு வளைவுகளும் அதையே சொல்லின.

குவிமாடத்தின் உச்சியைப் பென்சிலால் தொடவே இல்லை. சுற்றிலும் 4பி பென்சிலால் கறுப்பேற்ற ஏற்ற, வெறும் காகிதம் வெளிச்சமாகிவிட்டது.

நடுவில் ஹென்றி மூர் செதுக்கிய வட்டக் கல்பீடம். அப்புறம், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு டெலிபோன். சாகத் துணிந்தவர்கள் யாரிடமாவது பேசட்டும் என்று 1953இல் இங்கே குருவாக இருந்த சாட் வாரா தொடங்கிய சமாரிட்டன்ஸ் சேவையின் நினைவாக வைத்திருக்கிறார்கள். அதையும் படத்தின் மூலையில் வரைந்தேன்.

தேவகோட்டை திரும்பியதும் எதிர்வீட்டு ஆச்சியிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“இது எங்க வளவுல்ல தம்பி! சுத்தித் தூணு, நடுவுல மேலேருந்து வெளிச்சம். எங்க வீட்டுக் கல்யாணமெல்லாம் அந்த வெளிச்சத்துலதானே நடந்துச்சு.”

வளவு என்றால் வீட்டுக்குள் முற்றத்தைச் சுற்றித் தூண்கள் நிற்கும் இடம். அந்தப் பர்மா தேக்குத் தூண்களில் சாய்ந்து எத்தனை வருடம் பேசியிருக்கிறேன், எனக்குத் தோன்றவே இல்லை.

டெலிபோனைப் பற்றிச் சொன்னேன். “ராத்திரி கூப்பிட்டாலும் எடுப்பாகளா?”

“எடுப்பாங்க ஆச்சி.”

படத்தை மடியில் வைத்தபடியே கைகூப்பினார். “நாளைக்குப் பதினோரு மணிக்கு வா தம்பி. வெயில் முற்றத்துல இறங்கும். எங்க வளவையும் வரைஞ்சு குடு.”

சரி என்றேன். பென்சில் சீவி வைத்திருக்கிறேன்.