பழைய லேண்ட் க்ரூசரின் பிரேக்

மாமாவின் பழைய டீசல் லேண்ட் க்ரூசர் மியான்மரில் மாண்டலேக்கும் மேமியோவுக்கும் மலை ஏறி இறங்குகிற வண்டி. கொஞ்ச நாளாகவே பெடல் கல்லு மாதிரி இறுகி, எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை. பிரேக் பேட் (சக்கரத்தை உரசி நிறுத்தும் கட்டை) தேய்ந்திருக்கும், மாற்று என்றார்கள். எனக்கு ஒப்பவில்லை. பேட் தேய்ந்தால் பெடல் இப்படி இறுகாது.

சோதித்துப் பார்க்க, இன்ஜினை அணைத்துவிட்டு பெடலை நாலைந்து முறை மிதியுங்கள். காலை எடுக்காமல் அப்படியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். மாமாவின் வண்டியில் பெடல் அசையவே இல்லை. சரி, பூஸ்டருக்கு, அதாவது நாம் மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பாகத்துக்கு, அது வேலை செய்யத் தேவையான வேக்குவம் (காற்று உறிஞ்சல்) வரவில்லை. டீசல் இன்ஜினில் அதற்கென்று தனி பம்ப் வேண்டும். இந்த வண்டியில் அது ஆல்டர்னேட்டரின் (மின்சாரம் தரும் பாகம்) பின்பக்கம் ஒட்டியிருக்கிறது. பம்ப் நன்றாகத்தான் இருந்தது. பூஸ்டருக்குப் போகும் ஹோஸை வளைத்துப் பார்த்தேன், கிளாம்ப் ஓரத்தில் மெல்லிய வெடிப்பு. ஹோஸை மாற்றியதும் பெடல் பழையபடி இறங்கியது.

அப்புறம் பின் சக்கரங்களின் பிரேக் டிரம்களையும் கழற்றினோம். ஒரு வீல் சிலிண்டரில் பிரேக் ஆயில் கசிந்து, டிரம்மை உரசிப் பிடிக்கும் லைனிங் நனைந்திருந்தது. துடைத்து மாட்டினால் போதும் என்பார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள். லைனிங்கை இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். பிரேக் ஆயிலும் புதிதாக ஊற்றி, பிரேக் குழாய்களில் இருந்த காற்றையும் எடுத்தாயிற்று. நாளைக்கு மாமா அத்தையோடு மேமியோ போகிறார்.