வன்னியில் காணி தேடும்போது தளங்கள் கேட்காத கேள்வி

வவுனியா நகருக்குள் வீடு தேடுபவர் இக்மன் விளம்பரத் தளத்தில் தொடங்கலாம், தமிழிலும் பார்க்கலாம். குருமன்காடு, தோணிக்கல் என்று இடப்பெயரையே தேடல் பெட்டியில் போடுங்கள். ஓமந்தை தாண்டி வடக்கே போகப் போக விளம்பரங்கள் மெலியும். லங்கா ப்ரொப்பர்ட்டி வெப் தளம் கொழும்பில் அப்பார்ட்மென்ட் பார்ப்பவருக்குத்தான் அதிகம் உதவும். கிளிநொச்சி, முல்லைத்தீவு என்றால் பேஸ்புக் மார்க்கெட்பிளேசையும் கட்டாயம் பாருங்கள்.

மார்க்கெட்பிளேசில் தேடல் மாவட்டப்படி இல்லை. ஒரு புள்ளியைச் சுற்றி இத்தனை கிலோமீற்றர் என்ற கணக்கு. மாங்குளத்துக்கு இதுதான் வசதி. ஊர் முல்லைத்தீவு மாவட்டத்தில் இருந்தாலும் ஏ9 வீதி ஓரம் என்பதால் சிலர் கிளிநொச்சி என்றும் சிலர் வவுனியா என்றும் போட்டுவிடுவார்கள். மாவட்டம் தெரிவுசெய்து தேடினால் பாதி தப்பிவிடும். முல்லைத்தீவை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள், எல்லாவற்றையும் அடித்துப் பாருங்கள்.

விலை அடுத்த பொறி. ஒரு ரூபாய், 12345 என்று சும்மா போடுவதை ஒதுக்க, குறைந்தபட்ச விலையை ஒரு இலட்சமாக வையுங்கள். ஆனால் முழுக் காணிக்கும் அல்லாமல் ஒரு பேர்ச்சுக்கு (காணி அளவு) மட்டும் விலை போட்டவரும் அதோடு மறைந்துபோவார். அதனால் இன்னொரு தடவை விலை வடிகட்டி இல்லாமலும் தேட வேண்டும். பேர்ச் 50,000 என்றால் மலிவாகத் தெரியும். ஏக்கருக்கு 160 பேர்ச், ஆக 80 இலட்சம். யாழ்ப்பாணத்தார் பரப்பு என்ற அளவில் சொன்னால் பத்தால் பெருக்குங்கள், பேர்ச் வந்துவிடும்.

இத்தனை வடிகட்டி வைத்த தளங்களில், வன்னிக்கு முதலில் வேண்டிய வடிகட்டி மட்டும் கிடையாது: உறுதிக் காணியா (உறுதி எழுதிய தனியார் காணி), பேர்மிட் காணியா (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி)? குளத்தை நம்பிய குடியேற்றக் காணிகளில் நிறைய, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டவை. பிரதேச செயலாளரின் முன்கூட்டிய எழுத்துமூல அனுமதி இல்லாமல் அதைக் கைமாற்றினால் செல்லாது. அதே சட்டத்தின் கீழ் அரசின் அளிப்புப் பத்திரம் (கிராண்ட்) கிடைத்த காணிக்கும் அதே கட்டுப்பாடுதான். விளம்பரத்தில் "டொக்கியுமென்ட் கிளியர்" என்று இருக்கும். பேர்மிட்டும் டொக்கியுமென்ட்தானே!

ஆகவே போனில் முதல் கேள்வி விலையாக இருக்கக்கூடாது. உறுதி என்றால் உறுதி இலக்கமும் நில அளவை வரைபடமும் கேளுங்கள். நொத்தாரிசு ஒருவரைக் கொண்டு காணிப் பதிவகத்தில் முப்பது வருடப் பதிவைப் பார்ப்பியுங்கள். பேர்மிட் என்றால் பிரதேச செயலகக் காணிக் கிளையில் விசாரிக்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். கிராம சேவையாளரின் கடிதம் அந்த அனுமதிக்கு ஈடாகாது.