ஹீட்டர் அறையும் கண்ணெரிச்சலும்: ஊட்டிப் பனிக்காலத்தில் ஆறு வாரம்

நீர்ப்பனி முடிந்து உறைபனி விழத் தொடங்கும் நாட்களில் ஊட்டி ஆபீஸ்களில் மதியம் மூன்று மணிக்கு மேல் ஒரே காட்சிதான். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் புறங்கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். திரையில் எழுத்து மங்கும், இமைத்தால் தெளியும், ஐந்து நொடியில் மறுபடி மங்கும். மண் விழுந்தது போல உறுத்தும். வெளியே இறங்கி ஒரு காற்று அடித்தால் தாரை தாரையாகக் கண்ணீர். "தண்ணிதான் இப்படிக் கொட்டுதே, இதுல எங்க வறட்சி?" என்ற கேள்வி எனக்கும் இருந்தது. உறுத்தல் தாங்காமல் கண் அவசரத்துக்கு இறைக்கிற தண்ணீர் அது. கன்னத்தில் வழியுமே தவிர, கண்ணில் நிற்காது.

ஏன் நிற்பதில்லை என்பது புரிந்த பிறகுதான் வைத்தியம் ஒழுங்காக நடந்தது. கண்ணின் மேல் இருக்கும் ஈரப்படலத்துக்கு மேலே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு ஒன்று உண்டு. நீர் ஆவியாகாமல் காப்பது அதுதான். இமை விளிம்பில், முடி முளைக்கும் வரிசைக்குச் சற்று உள்பக்கம், மேல் இமையில் 25 முதல் 40, கீழ் இமையில் 20 முதல் 30 வரை எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. முழுசாக இமைக்கும்போதெல்லாம் அவற்றிலிருந்து கொஞ்சம் எண்ணெய் பிதுங்கி வரும். திரையைப் பார்க்கும்போது நாம் முழுசாக இமைப்பதில்லை. நிமிடத்துக்குப் பதினைந்து தடவை என்பது ஐந்து, ஏழு எனக் குறைந்துவிடும். அதிலும் பாதி, அரைகுறை இமைப்பு. எண்ணெய் வெளியே வராமல் உள்ளேயே கெட்டிப்படும்.

ஜனவரியில் ஊட்டி வீடுகளில் தேங்காய் எண்ணெய் பாட்டில் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. வெந்நீரில் நிற்க வைத்தால் இளகி ஓடும். அடைத்துக்கொண்ட சுரப்பியும் ஏறக்குறைய அப்படித்தான். அது இளகுவதற்கு உடல் சூட்டை விடக் கொஞ்சம் கூடுதல் சூடு வேண்டும்.

ஆனால் முதலில் சரிசெய்ய வேண்டியது அறையை. மலையில் மஞ்சு இறங்குகிற ஊரில் காற்று எப்படி உலரும் என்று தோன்றும். கணக்கு இதுதான்: 0 டிகிரி காற்று, ஈரம் முழுக்க நிறைந்திருந்தாலும், ஒரு கன மீட்டரில் 5 கிராம் தண்ணீர்கூடத் தாங்காது. அதே காற்றை அறைக்குள் 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அதற்கு 17 கிராம் கொள்ளளவு வந்துவிடும். தண்ணீர் கூடவில்லை, பாத்திரம்தான் பெரிதாகிவிட்டது. ஈரப்பதம் 30%க்கும் கீழே போய்விடும். ஹீட்டரை 25 டிகிரிக்கு ஏற்றினால் 20% பக்கம். வெளியே புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்க, உள்ளே இருப்பது பாலைவனக் காற்று. ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்றை மேசையில் வைத்தபோது காலை பதினோரு மணிக்கு 31 காட்டியது. 40க்கு மேல் இருந்தால் கண் அமைதியாக இருக்கிறது.

ஃபேன் ஹீட்டரை மேசைக்கு அடியில் காலுக்கு நேராக வைப்பது இங்கே பரவலான பழக்கம். சூடான காற்று முழங்காலைத் தாண்டி நேரே முகத்துக்கு ஏறும், எரிச்சலில் பாதி அதனால்தான். பக்கவாட்டில், இரண்டு மீட்டர் தள்ளி, சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்ததும் இரண்டாம் நாளே வித்தியாசம் தெரிந்தது. எண்ணெய் நிரப்பிய ஹீட்டர் ஈரத்தைக் காப்பாற்றும் என்பதெல்லாம் கடைக்காரர் பேச்சு. அது காற்றை வீசாது, அதன் லாபம் அவ்வளவுதான். வெப்பத்தை 18, 19 டிகிரியில் நிறுத்திவிட்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்வது எல்லாவற்றையும் விட மலிவு. கும்முட்டியில் கரி போட்டு மூடிய அறையில் வைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கண்ணெரிச்சல் அங்கே சின்ன விஷயம், அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்றுவிடும். வேண்டவே வேண்டாம்.

கிண்ணத்தில் தண்ணீர் வைக்கச் சொல்வார்கள். பயன் மிகக் குறைவு. பத்துக்குப் பன்னிரண்டடி அறையில் ஈரப்பதத்தை 28லிருந்து 45க்கு ஏற்ற ஏறக்குறைய 100 மில்லி தண்ணீர் ஆவியாக வேண்டும். கதவு திறந்து மூடி உள்காற்று மாறுகிற ஒவ்வொரு முறையும் மறுபடி அதே அளவு. கிண்ணத்தின் வாய் அகலத்துக்கு அது நடக்காது. குளியல் துண்டை நனைத்துப் பிழிந்து நாற்காலி முதுகில் விரித்துப் போட்டால் நடக்கும். மதியத்துக்குள் காய்ந்துவிட்டால் வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது திரை. லேப்டாப்புக்கு அடியில் நான்கு புத்தகம் அடுக்கிக் கண்மட்டத்துக்கு உயர்த்துவது கழுத்துக்கு நல்லதாக இருக்கலாம், வறண்ட கண்ணுக்கு ஆகாது. நேராகவோ மேலேயோ பார்க்கும்போது கண் அகலத் திறக்கும், ஆவியாகும் பரப்பும் கூடும். 60 சென்டிமீட்டர் தூரத்தில், திரையின் நடுப்பகுதி கண்மட்டத்துக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் கீழே இருக்கட்டும். நாற்பது தாண்டியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: படிப்பதற்குப் போட்ட கண்ணாடி 35, 40 சென்டிமீட்டருக்கானது, திரை தூரத்துக்குப் பொருந்தாது. கண்ணாடிக் கடையில் திரை தூரத்தை அளந்து சொல்லி வாங்க வேண்டும். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குத் தனியாகக் காசு கொடுக்கத் தேவையில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2023 ஆய்வுத் தொகுப்பு, அதனால் கண் சோர்வு குறைவதாகத் தெரியவில்லை என்கிறது.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபதடி தள்ளி இருபது நொடி பார்க்கச் சொல்லும் விதி எல்லோருக்கும் தெரியும். ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவோ தொட்டபெட்டாவோ தெரிகிற ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. ஆனால் பார்த்தால் மட்டும் போதாது, அந்த இருபது நொடியில் இமைக்க வேண்டும். மெதுவாக மூடி இரண்டு நொடி, மூடியபடியே லேசாக இறுக்கி இரண்டு நொடி, திறப்பது. இப்படி ஐந்து தடவை. மேல் இமை கீழ் இமையைத் தொடுவது உணர்வில் தெரிய வேண்டும். அரைகுறையாக இமைப்பவர்களுக்குக் கருவிழியின் கீழ்ப்பகுதிதான் முதலில் காயும்.

இனி ஒத்தடம். வைத்தியத்தின் நடுநாயகம் இதுதான். பெரும்பாலோர் கோட்டை விடுவதும் இதில்தான். துணியை வெந்நீரில் நனைத்துக் கண்ணில் வைத்து அப்படியே படுத்துவிடுவார்கள். ஊட்டிக் குளிரில் ஒன்றரை நிமிடத்தில் அது ஐஸ் துணி. மூடிய இமையில் 40 டிகிரிக்குக் குறையாத சூடு எட்டு முதல் பத்து நிமிடம் இருந்தால்தான் எண்ணெய் இளகும். அதனால் ஃபிளாஸ்க்கில் வெந்நீர், இரண்டு சின்ன டர்க்கித் துண்டு. ஒன்று கண்ணில், ஒன்று தண்ணீரில், நிமிடத்துக்கு ஒருமுறை மாற்று. இந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பனிக்காலக் குழாய்த் தண்ணீர் 12 டிகிரி பக்கம். சரிபாதி கலந்தால் 52 வரும். பாத்திரமும் துணியும் சூட்டை இழுத்துக்கொள்ள, பிழிந்த துணி பொறுக்கும் பதத்துக்கு வந்துவிடும். கோயம்புத்தூரில் இருக்கும் உறவினருக்கு இதே அளவைச் சொல்லிவிடாதீர்கள். அங்கே சரிபாதி என்றால் அறுபதைத் தாண்டும், இமை வெந்துவிடும். எந்த ஊரானாலும் முன்கையின் உட்புறத்தில் வைத்து, பத்து எண்ணும்வரை சுகமாகத் தாங்கினால்தான் கண்ணுக்கு.

ஒத்தடம் முடிந்த சூட்டோடு, சுத்தமான விரலால் மேல் இமையை மேலிருந்து கீழாகவும் கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும், முடி வரிசையை நோக்கி ஐந்தாறு தடவை நீவ வேண்டும். கண்மணியை அழுத்தக் கூடாது. பிறகு கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த பஞ்சால் இமை விளிம்பைத் துடைத்துவிடலாம். முதல் சில நாட்கள் துடைத்த பிறகு பார்வை கொஞ்சம் மங்கலாக இருந்தது. வெளியே வந்த பழைய எண்ணெய்தான் அது, பத்து நிமிடத்தில் தெளிந்துவிடும். காலை, இரவு என இரண்டு வேளை. மூன்றாம் வாரம் வரை பெரிய மாற்றம் இல்லை. பலரும் நிறுத்திவிடுவது அங்கேதான். நான்காம் வாரத்தில் மதிய மங்கல் குறைந்தது, ஆறாவதில் ஏறக்குறைய நின்றது.

சொட்டு மருந்து இதற்குத் துணை மட்டும். செயற்கைக் கண்ணீரான கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் 0.5% சொட்டு, நாளைக்கு நான்கு வேளை. அதற்கு மேல் தேவைப்பட்டால், பதப்பொருள் சேராத ஒற்றை வேளைக் குப்பியாகக் கேட்டு வாங்க வேண்டும். பென்சால்கோனியம் குளோரைடு என்ற பதப்பொருள் சேர்த்த பாட்டிலை அடிக்கடி ஊற்றினால் அதுவே கருவிழியைப் புண்ணாக்கும். கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு. இரண்டாவது வழிந்துதான் போகும். கண்ணை மூடி மூக்கோரத்தை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் தொண்டைக்கு இறங்காது. திறந்த தேதியை பாட்டிலில் எழுதிவைத்து ஒரு மாதத்தில் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

மெடிக்கலில் "கண்ணு செவந்திருக்கா? இதைப் போடுங்க, வெளுத்துரும்" என்று நாஃபசோலின் சேர்ந்த சொட்டைத் தருவார்கள். வெளுக்கும், விட்டால் முன்னைவிடச் சிவக்கும். ஸ்டீராய்டு கலந்தது இன்னும் மோசம். சுகமாக இருக்கும், மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தமும் புரையும் வரும். ஊரெல்லாம் கிடைக்கும் நீலகிரித் தைலத்தைத் தலைவலிக்கு நெற்றியில் தடவுவதும் இந்த ஆறு வாரம் வேண்டாம். ஆவியே எரிக்கும், விரல் பட்டால் அன்றைக்கு வேலை ஓடாது. நந்தியாவட்டைப் பூவை மூடிய இமை மேல் வைப்பதில் கெடுதல் இல்லை. சாறு பிழிந்து உள்ளே விடாதீர்கள். தேன், விளக்கெண்ணெய், தாய்ப்பாலுக்கும் அதேதான். சளிக்குப் போடும் செட்ரிசின் மாத்திரையும் கண்ணை உலர்த்தும், மருத்துவரிடம் சொல்லிவைப்பது நல்லது. மீன் எண்ணெய் மாத்திரைக்குச் செலவழித்தவர்களுக்கு ஒரு வருத்தமான செய்தி: 2018இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில் ஓராண்டு கொடுத்துப் பார்த்தும் ஆலிவ் எண்ணெயை விட அது கூடுதலாக எதையும் செய்யவில்லை.

வலி, வெளிச்சம் பட்டால் கூசுவது, இமைத்தாலும் தெளியாத மங்கல், மஞ்சள் பீளை, ஒரே கண்ணில் மட்டும் தொந்தரவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒத்தடமெல்லாம் வைத்துக்கொண்டிருக்காமல் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் முதலில் லென்ஸைக் கழற்றிவிட்டுப் போகட்டும். வாயும் சேர்ந்து வறண்டு மூட்டும் வலித்தால் அதையும் சொல்ல வேண்டும், அது வேறு நோயாக இருக்கலாம். இமை ஓரத்தில் காகிதப் பட்டை செருகி ஐந்து நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பார்கள். மஞ்சள் சாயம் விட்டு, ஈரப்படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்று எண்ணுவார்கள். பத்து நொடிக்குக் குறைந்தால் குறைபாடுதான். இரண்டும் வலிக்காது.

ஏப்ரலில் சீசன் கூட்டம் மலையேறும்போது ஹீட்டர் பரணுக்குப் போய்விடும். ஒத்தடம் மட்டும் வாரத்துக்கு மூன்று நாள் தொடர்கிறது. தேங்காய் எண்ணெய் பாட்டில் மறுபடி கட்டி தட்டத் தொடங்கினால், அன்றிலிருந்து தினம் இரண்டு வேளை.