பழைய எலிமினேட்டருக்குப் புது டிரான்சிஸ்டர்

அப்பாவின் ரேடியோவை பேட்டரி இல்லாமல் வீட்டு மின்சாரத்தில் ஓட்ட வாங்கிய 6 வோல்ட் எலிமினேட்டரைத் திருப்பரங்குன்றத்து வீட்டுப் பரணிலிருந்து இறக்கினேன். டிரான்ஸ்பார்மர் மட்டும் உயிரோடு இருந்தது. 6.2 வோல்ட்டில் நிலையாக நிற்கும் ஜீனர் டையோடு, ஒரு ரெசிஸ்டர், ஏசி128 டிரான்சிஸ்டர்: வோல்ட்டேஜை ஒரே அளவில் வைக்கும் ரெகுலேட்டர் அவ்வளவுதான். ஏசி128, சிலிக்கானுக்கு முன் ஜெர்மானியம் என்ற தனிமத்தில் டிரான்சிஸ்டர் செய்த காலத்துச் சரக்கு. டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்துவிட்டு, "7806 போடுங்கள் சார், மூன்றே கால்கள், வேலை முடிந்தது" என்றார்; அது 6 வோல்ட் ரெகுலேட்டர் முழுவதும் அடங்கிய ஒரே சில்லு. அவர் சொன்னது சரிதான். எனக்குத்தான் பழைய சர்க்யூட்டையே எழுப்ப வேண்டும் என்ற வீம்பு.

அதே பிஎன்பி வகையில் சிலிக்கான் பிடி140 வாங்கினேன். பிளஸ், மைனஸ் எதையும் மாற்ற வேண்டியதில்லை. கால்களின் வரிசை மட்டும் வேறு. மாறுமின்னோட்டத்தை நேராக்கும் பிரிட்ஜுக்கு நான்கு 1என்4007 டையோடுகள், புதிய 1000 மைக்ரோஃபாரட் கண்டென்சர். பழையதன் பாதி உயரம்கூட இல்லை.

மீட்டரில் 5.5 வோல்ட். ஜீனரின் வோல்ட்டேஜில் டிரான்சிஸ்டர் விழுங்கியது போக மிச்சம்தான் வெளியே வரும். ஜெர்மானியம் பேஸ், எமிட்டர் இடையே 0.2 வோல்ட்தான் விழுங்கும், சிலிக்கான் 0.7 கேட்கும். 6.8 வோல்ட் ஜீனர் போட்டால் தீர்ந்தது, ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவில் அதற்கு எங்கே போவது? டப்பாவில் கிடந்த 1என்4148 டையோடை ஜீனரோடு தொடராக வைத்தேன். அதில் விழும் 0.65 வோல்ட் குறையை ஈடுகட்டும். சூட்டில் டிரான்சிஸ்டரின் வோல்ட்டேஜ் இறங்கும்போது டையோடுடையதும் கூடவே இறங்குவது உபரி லாபம்.

வைத்தேன், மீட்டர் 12-ஐத் தாண்டியது. ஜீனர், டையோடு இரண்டின் திசை காட்டும் கோடுகளையும் ஒரே பக்கமாகப் பார்க்க வைத்திருக்கிறேன்! ஜீனர் தலைகீழாக வேலை செய்வது, டையோடு நேராக. ஒரே திசையில் வைத்தால் டையோடு வழியை அடைத்துவிடும், ஜீனருக்கு வேலையே இல்லை. நல்லவேளை, ரேடியோவை இணைக்கவில்லை. டையோடைத் திருப்பியதும் 6.1.

ரேடியோவை இணைத்தேன். நிலையம் இல்லாத இடத்தில் அமைதி. மதுரை வானொலியைப் பிடித்தால் மட்டும் பாட்டோடு ஒரு ரீங்காரம். கண்டென்சரைச் சந்தேகித்து ஒரு மணி நேரம் வீணானது. குற்றவாளி பிரிட்ஜ் டையோடுகள்: ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் மின்கம்பி வழியே வரும் ரேடியோ அலையையும் சேர்த்து வெட்டுகின்றன. நான்கின் குறுக்கேயும் 0.01 மைக்ரோஃபாரட் செராமிக் வைத்ததும் ரீங்காரம் நின்றது.

இரண்டு மணி நேரம் பாடிய பிறகு பிடி140-ஐத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்புதான்.