எங்கள் குடியிருப்பின் தீத்தடுப்பு அமைப்பை மீட்டெடுத்த எட்டு மாதங்கள்

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய எங்கள் குடியிருப்பு 14 மாடிகளும் 112 வீடுகளும் கொண்டது. ஒரு நாள் அதிகாலையில் ஆறாவது மாடியில், எல்லாத் தளங்களுக்கும் மின் கேபிள்கள் செல்லும் எலக்ட்ரிக்கல் டக்ட்டில் கேபிள் கருகி, புகை மளமளவென்று மேல் மாடிகளுக்கு ஏறியது. மணி ஒலிக்கவில்லை. பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தவர் குரல் கொடுத்ததால்தான் எல்லோரும் விழித்தோம், யாருக்கும் காயமில்லை. நான் குடியிருப்போர் சங்கச் செயலாளராகப் பொறுப்பேற்று அப்போது மூன்று வாரங்களே ஆகியிருந்தன.

காவலர் அறையில் இருந்த அலாரம் பேனலில் ஒலி நிறுத்தப்பட்டிருந்தது. "சும்மா சும்மா கத்துது சார், ராத்திரியில எல்லாரும் எங்களைத்தான் திட்டறாங்க" என்றார் காவலர். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினோராவது மாடியில் தூசி அடைந்த ஒரே ஒரு ஸ்மோக் டிடெக்டர் பல மாதங்களாகப் பொய்யாக ஒலித்துக்கொண்டிருந்ததையும், அதைத் துடைத்துச் சரிசெய்ய ஒருவரும் முன்வராததையும் பின்னர் அறிந்தோம்.

அடுத்துப் பம்ப் அறைக்குச் சென்றோம். குழாயில் அழுத்தம் சிறிது குறைந்தால் ஜாக்கி பம்ப் என்ற சிறிய பம்ப்பும், தீயணைக்க நீர் எடுக்கும் ஹைட்ரன்ட் குழாய் திறக்கப்பட்டு மேலும் குறைந்தால் பெரிய மின் பம்ப்பும், மின்சாரம் இல்லாவிட்டால் டீசல் பம்ப்பும் தாமாகவே இயங்கவேண்டும். எங்கள் மின் பம்ப்பின் சுவிட்ச் கையால் இயக்கினால் மட்டுமே ஓடும் 'மேனுவல்' நிலையில் இருந்தது. டீசல் இன்ஜினின் பேட்டரி செத்திருந்தது. ஒன்பதாவது மாடியில் யாரோ வீட்டுக் கூரையில் நீர் கசிகிறது என்று தீயின் சூட்டில் தானாகவே நீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர்களின் வால்வையே மூடியிருந்தார்கள்.

இவற்றைச் சரிசெய்ய இரண்டு மாதங்கள் போதுமானவையாக இருந்தன. உண்மையான சிக்கல் அதன் பிறகுதான் தெரிந்தது. அலாரம், பம்ப், லிப்ட் ஆகிய மூன்றையும் மூன்று வெவ்வேறு ஒப்பந்ததாரர்கள் பராமரித்தார்கள். மூவருமே "நல்ல நிலையில் உள்ளது" என்று கையெழுத்திட்டுத் தந்தார்கள். தனித்தனியே பார்த்தால் மூவர் சொன்னதும் உண்மை. ஆனால் ஒரு டிடெக்டர் புகையை உணர்ந்தால் எச்சரிக்கை ஒலிப்பானான ஹூட்டர் ஒலிக்கவேண்டும், அறிவிப்பு கேட்கவேண்டும், லிப்ட் தரைத்தளத்துக்கு இறங்கிக் கதவைத் திறந்து நிற்கவேண்டும், படிக்கட்டுக்குள் புகை நுழையாதபடி விசிறி காற்றை அழுத்தவேண்டும் என்ற முழுத் தொடரையும் ஒருவரும் சோதித்திருக்கவில்லை. கட்டுநர் ஒப்படைத்த கோப்புகளில் அதற்கான அட்டவணையே இல்லை. எங்கள் வளாகத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற தீயணைப்பு அலுவலர் ஒருவர் அருகில் அமர்ந்து, எந்தச் சமிக்ஞை வந்தால் எது நிகழவேண்டும் என்று வரிசை வரிசையாக எழுத உதவினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று ஒப்பந்ததாரர்களையும் ஒரே நேரத்தில் வரவழைத்தோம். ஆறாவது மாடி டிடெக்டரில் சோதனைப் புகையைப் பாய்ச்சியதும் ஹூட்டர் ஒலித்தது. லிப்ட் மட்டும் எதுவும் நடவாததுபோல் பன்னிரண்டாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தது. மேலே லிப்ட் அறையில் பார்த்தபோது, பேனலிலிருந்து வந்த கம்பியின் இரு நுனிகளும் கறுப்பு டேப் சுற்றப்பட்டு, சுருளாகச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தன; கட்டடம் கட்டிய நாள் முதல் அவை இணைக்கப்படவே இல்லை. படிக்கட்டு விசிறி சுழன்றது. ஆயினும் அந்த அலுவலர் கதவிடுக்கில் ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடித்துக் காட்டியபோது, அது வெளிப்பக்கம் பறப்பதற்குப் பதிலாகப் படிக்கட்டின் உட்பக்கமாக இழுபட்டது. மின்பலகையை மாற்றியவர்கள் மும்முனை மின்சாரத்தின் பேஸ் (phase) கம்பிகளை இடம் மாற்றி இணைத்ததால் விசிறி எதிர்த்திசையில் சுழன்றிருக்கிறது. உண்மையான தீ விபத்தில் அது புகையைப் படிக்கட்டுக்குள்ளேயே இழுத்திருக்கும். அந்தக் காகிதம் மடிந்த திசையை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

பொதுக்குழுவில் வீட்டுக்கு 9,500 ரூபாய் கேட்டபோது எதிர்ப்பு எழுந்தது. விளக்கங்களை விட, அந்தச் சோதனையைக் கைப்பேசியில் எடுத்த காணொளிதான் தீர்மானத்தை நிறைவேற்ற உதவியது. டக்ட்டில் ஒவ்வொரு தளத்திலும் கேபிள் நுழையும் ஓட்டைகளைத் தீத்தடுப்புப் பூச்சால் அடைத்ததும் அந்தத் தொகையில்தான். அந்த ஓட்டைகள் அடைபட்டிருந்தால் ஆறாவது மாடிப் புகை ஆறாவது மாடியிலேயே நின்றிருக்கும்.

தீயணைப்புத் துறை ஆய்வுக்கு வந்த அலுவலர் முதலில் மொட்டைமாடி ஹைட்ரன்ட்டைத் திறந்து அழுத்தமானியைப் பொருத்தினார். அங்கே சதுர சென்டிமீட்டருக்கு 3.5 கிலோ அழுத்தமாவது இருக்கவேண்டும். முள் 3.8இல் நின்றது. பிறகு பேனலில் எங்கள் அட்டவணையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் சோதித்தார். சான்றிதழ் கிடைத்தது.

இப்போது ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிறன்று டீசல் பம்ப்பை ஓட்டி, லிப்ட் இறங்குவதைப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திடுகிறோம். வீட்டுக்குள் பெயின்ட் அடித்தபோது ஸ்பிரிங்ளர் மீதும் அடித்துவிட்டவர்கள் பலர். 68 டிகிரியில் வெடித்து நீரைத் திறந்துவிடவேண்டிய அந்தச் சிவப்புக் கண்ணாடிக் குமிழ் பெயின்ட்டுக்குள் இருந்தால் நேரத்துக்கு வேலை செய்யும் என்று நம்ப முடியாது. அப்படிப்பட்ட 23 ஸ்பிரிங்ளர்களை மாற்றிவிட்டோம். இரண்டு வீட்டுக்காரர்கள் இன்னும் கதவைத் திறக்கவில்லை. இந்த வாரம் மீண்டும் அவர்களிடம் போகிறேன்.