பாவம் டைட்டானோசாரஸ்

1975இல் வந்த 'டெரர் ஆஃப் மெக்காகாட்ஸில்லா' என்ற ஜப்பானிய ராட்சத மிருகப் படத்தை நேற்று ராத்திரி மறுபடியும் பார்த்தேன். இஷிரோ ஹோண்டா இயக்கிய கடைசி காட்ஸில்லா படம். அதில் வரும் கடல் டைனோசர் டைட்டானோசாரஸை வில்லன் என்று சொல்ல எனக்கு மனசே வராது. அது பாட்டுக்குக் கடலில் கிடந்த சாதுப் பிராணி. ஊர் தன்னை ஒதுக்கிவிட்ட ஆத்திரத்தில் விஞ்ஞானி மஃபுனே அதை ஆட்டிவைக்கிறார், அவரை வேற்றுக்கிரகவாசிகள் ஆட்டிவைக்கிறார்கள். விசிறிபோல் விரியும் அந்த வால் எவ்வளவு அழகு! ஒரு வீச்சு வீசினால் சூறைக்காற்றே கிளம்பும்.

ஒன்று தெரியுமா, இதே பெயரில் நிஜ டைனோசரும் உண்டு. ஜபல்பூரில் கிடைத்த எலும்புகளுக்கு 1877இல் தொல்லுயிர் ஆய்வாளர் லிடெக்கர் சூட்டிய பெயர். அது தரையில் வாழ்ந்த இலைதின்னி.

படத்தின் கடைசியில் ஒலி அலைக் கருவியில் சிக்கி டைட்டானோசாரஸ் துடிக்கும்போது, ஒவ்வொரு தடவையும் கண் கலங்கிவிடுகிறது.