கோத்தகிரியிலிருந்து தூத்துக்குடிக்கு ஐந்து தபால்கள்

கோத்தகிரி வீட்டுக் குளியலறைதான் எனக்கு டார்க்ரூம், அதாவது படம் கழுவி பிரிண்ட் போடும் இருட்டறை. கொடநாடு வியூ பாயிண்டில் எடுத்த படம் ஒன்றை, ஹாலில் மாட்ட வேண்டும் என்று தூத்துக்குடியில் இருக்கும் அக்கா கேட்டாள். 8×10 அங்குலம், ஃபைபர் பேப்பர் (பிளாஸ்டிக் பூச்சில்லாத போட்டோ தாள்), முக்கால்வாசி மேகம். நல்ல பிரிண்டை எடுத்த எடுப்பில் தபாலில் போட மனம் வரவில்லை. மூடப்போகும் ஸ்டுடியோ ஒன்றில் வாங்கிய பழைய 'இந்து' போட்டோ பேப்பர் பெட்டி கையில் இருந்தது. ஊட்டி இந்து நகரில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்த காலத்துச் சரக்கு. காலாவதியாகி, எந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டாலும் வெள்ளை சாம்பலாகத்தான் வரும். தபாலில் அனுப்பிச் சோதிக்க அது போதும் என்று அதே படத்தை அதில் நான்கைந்து போட்டு வைத்தேன்.

முதல் தபால் மே மாதம். பிரவுன் கவர், உள்ளே ஒரே ஒரு அட்டை, மேலே சிவப்பு மையில் 'போட்டோ, மடக்க வேண்டாம்'. ஒரு மூலை நசுங்கிப் போய்ச் சேர்ந்தது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது அக்காவின் போன்: "என்ன தம்பி, வானத்துல எங்க வீட்டு அட்ரஸ் தெரியுது?" படத்தை உள்ளே வைத்து ஒட்டிய பிறகு, கவரின் மேல் பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி முகவரி எழுதியிருக்கிறேன். பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் பின்கோடு வரை படிக்கலாமாம். அன்றிலிருந்து முகவரியைத் தனித் தாளில் எழுதி, கடைசியில் ஒட்டுகிறேன்.

இரண்டாவது, பி.வி.சி. குழாயில் சுருட்டி அனுப்பியது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அத்தான் அதை நிமிர்த்தப் பார்த்ததில், மேலே இருக்கும் ஜெலட்டின் பூச்சில் மயிரிழை போல விரிசல். சின்னப் படத்துக்குக் குழாய் சரிப்படாது.

மூன்றாவதுக்குக் கொஞ்சம் யோசித்தேன். பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில், படத்தைவிட நாலு பக்கமும் ஒன்றரை அங்குலம் பெரிதாக இரண்டு துண்டு வெட்டினேன். அந்த அட்டை, உள்ளே நெளி ஓடும் கோட்டில் சுலபமாக மடங்கும், குறுக்கே மடங்காது. அதனால் ஒன்றில் நெளி நெடுக்காகவும் மற்றதில் குறுக்காகவும் வரும்படி வைத்தேன். முழங்காலில் வைத்து அழுத்தியும் வளையவில்லை. படம் உள்ளே நகர்ந்து மூலை இடிபடாமலிருக்க, தாளை முக்கோணமாக மடித்து நான்கு மூலைக்கும் பை மாதிரி செய்து அட்டையில் ஒட்டினேன். டேப் தாள் முக்கோணத்தின் மேல்தான், படத்தில் ஒரு துளி படக்கூடாது. ஜூலை மழைக்குப் பயந்து படத்தை முதலில் பிளாஸ்டிக் கவரில் போட்டு, காற்றுப் புகாமல் ஒட்டி, அப்புறம் அட்டைக்குள் வைத்தேன்.

பார்சல் துளியும் வளையாமல், நனையாமல் போய்ச் சேர்ந்தது. ஆனால் படம் பாழ். பிளாஸ்டிக் அங்கங்கே படத்தோடு ஒட்டிக்கொண்டு, பிய்த்த இடமெல்லாம் கண்ணாடி போல மினுமினுத் திட்டுகள்.

மழை உள்ளே போகவில்லை என்றால் ஈரம் எங்கிருந்து வந்தது? இரண்டு நாள் மண்டையைக் குடைந்தது. நான் ஒட்டிய அன்று ஜன்னலுக்கு வெளியே எதிர்வீடு தெரியாத அளவுக்கு மஞ்சு. அறையில் வைத்திருக்கும் ஈரப்பதமானி 91 சதவீதம் காட்டியது. ஜெலட்டினும் தாளும் அந்த ஈரத்தைக் குடித்துவிட்டுத்தான் கவருக்குள் போயிருக்கின்றன. தூத்துக்குடி வெயிலில் கவர் சூடாகும்போது, வெளியேற வழியில்லாமல் ஜெலட்டின் பிசுபிசுத்துவிட்டது. ஈரத்தை நானே உள்ளே வைத்துப் பூட்டி அனுப்பியிருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. மேட்டுப்பாளையத்தில் வாங்கும் சிப்ஸ் பாக்கெட் மலை ஏறினால் உப்பிவிடும், எல்லாரும் பார்த்திருப்பீர்கள். என் கவர் அதற்கு நேர்மாறாகப் பயணம் செய்தது. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். இங்கே மூடிய கவர் கடற்கரை ஊரில் சுருங்கி, படத்தின் முகத்தோடு அப்பிக்கொள்ளும். இது நான் போட்ட கணக்கு. ஆனால் கவர் 'யாரோ உறிஞ்சின மாதிரி இருந்தது' என்று அத்தானும் சொன்னார்.

ஆகவே நான்காவதில் வரிசையை மாற்றினேன். படத்தின் முகத்தில் அமிலமில்லாத டிஷ்யூ தாள், அதன் மேல் அட்டை, பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் வெளியே. செய்தித்தாளை மட்டும் வைத்துவிடாதீர்கள், மை ஒட்டும். பேக் செய்வதற்கு முன் படம், அட்டை இரண்டையும் இரண்டு நாள் உலர்த்தினேன். மலையில் துணி அலமாரிக்குள் பூஞ்சை வராமலிருக்க பல்பு எரியவிடுவோமே, அதே அலமாரிதான். கூடவே ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல். நீல மணிகள் ஈரம் குடித்து இளஞ்சிவப்பானால், இதற்கென்று ஒதுக்கிய பழைய வாணலியில் வறுத்தால் திரும்ப நீலமாகும். சமையல் பாத்திரத்தில் வறுக்கக் கூடாது. ஈரப்பதமானி 50-க்கு வந்ததும் நிறுத்திவிட்டேன். அதற்கும் கீழே போனால் ஃபைபர் பேப்பர் அப்பளம் போலச் சுருளத் தொடங்குகிறது. சிலிக்கா பொட்டலத்தைப் பார்சலுக்குள் வைக்கவில்லை. வைத்தால் அதன் புடைப்பே படத்தில் தடமாகும்.

அந்த நாலாவது படம் பழுதில்லாமல் சேர்ந்தது. ஐந்தாவதாக நல்ல பிரிண்ட் செப்டம்பரில் போனது. அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவை இஞ்ச் இஞ்சாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூலைகள் நான்கும் கூர்மையாக இருக்கின்றன, வானத்தில் அட்ரஸ் இல்லை. அவளோ, ஹாலுக்கு இது சிறியதாகத் தெரிகிறது, இதைவிடப் பெரிதாக ஒன்று போட்டு அனுப்பு என்கிறாள். அந்த அளவுப் படத்தைக் கழுவும் டிரே வைக்க என் குளியலறையில் இடமில்லை.